கும்பகோணத்துக் கணக்கேடும் கைப்பேசிச் செயலியும்



கும்பகோணம் கணக்கை நன்கறிந்த ஊர். நெல்லும் வெற்றிலையும் பட்டும் பாத்திரமும் விலைபோகும் ஊரில் கணக்குப் பாராமல் ஒரு நாளும் கழியாது. பெரிய கடைத்தெருவில் இன்று எந்தக் கடைக்குச் சென்றாலும், கல்லாவின் அருகே கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன ஒரு குறி ஒட்டப்பட்டிருக்கிறது. கைப்பேசியை அதன் முன் காட்டினால் பணம் சென்றுவிடுகிறது; சென்ற பணம் கைப்பேசியிலேயே பதிவாகியும் விடுகிறது. மளிகைக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் வண்ண வட்டம் வரைந்து காட்டும் வரவு செலவுச் செயலிகளும் வந்துவிட்டன. வீட்டுக் கணக்கெழுதும் வேலை இத்தோடு தீர்ந்தது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் சரிதானா என்பதைக் காவிரிக் கரையில் கணக்கெழுதப்பட்ட வரலாற்றைக் கொண்டும், நம் மார்க்கம் கணக்கைப் பற்றிச் சொன்னதைக் கொண்டும் ஆராய்வோம்.

கல்லும் ஓலையும்

கணக்கெழுதும் வழக்கம் இம்மண்ணில் மிகப் பழையது. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயில் கி.பி. 1010இல் நிறைவுற்றது. அக்கோயிலுக்கு வந்த பொன்னும் மணியும் மஞ்சாடி, குன்றி வரை நிறுக்கப்பட்டு அதன் கல்வெட்டுகளில் பொறிக்கப்பட்டன. கோயில் பணத்தை ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்ற செய்தியும், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்ற விகிதமும் அவற்றில் உள்ளன. இன்றைய கணக்கில் அது நூற்றுக்குப் பன்னிரண்டரை. வட்டியைப் பற்றி நமக்கு வேறு நிலைப்பாடு உண்டு. ஆயினும், யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பது ஊரறியக் கல்லில் நின்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஊரின் அன்றாடக் கணக்கோ ஓலையில் எழுதப்பட்டது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை மனனம் செய்தனர். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரையிலும், அதற்கும் கீழே கீழ்முந்திரி வரையிலும் பின்னங்கள் அவர்கள் நாவில் புரண்டன. அக்கல்வியில் தேர்ந்தவர் கிராமக் கணக்கரானார். கர்ணம் என்று ஊரார் அவரை அழைத்தனர். நிலத்தின் பரப்பு, அதன் தரம், விளைச்சல், தீர்வை ஆகிய அனைத்தும் கர்ணத்தின் கட்டுக்குள் இருந்தன. உழுதவர் ஒருவர், அவர் நிலத்தின் கணக்கை வைத்திருந்தவர் மற்றொருவர். எழுத்தறியாத உழவர் தம் நிலத்தின் அளவையே கர்ணம் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். பெரும்பாலும் பரம்பரையாக வந்த அந்தப் பதவியை 1980 நவம்பரில் தமிழக அரசு ஒழித்தது. பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். ஒருவருடைய கணக்கு மற்றொருவர் கையில் மட்டுமே இருந்தால், அதிகாரமும் அந்தக் கைக்கே போய்ச் சேரும் என்பது கர்ணத்தின் வரலாறு தரும் பாடம்.

கடன்பட்டவரே சொல்ல வேண்டும்

இந்தப் பாடத்தை மனத்தில் இருத்திக்கொண்டு திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமான அல்பகராவின் 282ஆம் வசனத்தை நோக்குவோம். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அது. அது பேசும் பொருள் கடனை எழுதி வைத்தல். வட்டியைத் தடைசெய்யும் வசனங்களையும், சிரமப்படும் கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்லும் வசனத்தையும் அடுத்து அது வருகிறது. வட்டி வேண்டாம் என்றதோடு நில்லாமல், வட்டியில்லாத கடன் மனத்தாங்கலில் முடியாதிருக்க வழியும் காட்டுகிறது.

அவ்வசனத்தின் கருத்துகளுள் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். முதலாவது, குறித்த தவணைக்குக் கொடுக்கப்படும் கடன் சிறிதாயினும் பெரிதாயினும் சலிப்படையாமல் எழுதப்பட வேண்டும். இரண்டாவது, எழுதுபவர் வேறொருவராக இருக்கலாம். ஆனால் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர். கொடுத்தவர் கை பொதுவாகவே ஓங்கியிருக்கும். அவரே வாசகத்தையும் சொன்னால் வாங்கியவர் கர்ணத்தின் முன் நின்ற உழவரைப் போல ஆகிவிடுவார். மூன்றாவது, கைக்குக் கை உடனே முடிந்துவிடும் வியாபாரத்தை எழுதாமல் விட்டாலும் குற்றமில்லை. எழுதுவது கடமையென்று கொள்ளாமல் வலியுறுத்தப்பட்ட வழிகாட்டல் என்றே மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் விளக்கியுள்ளனர். எதை எழுதுவது, எதை விடலாம், யார் சொல்ல எழுதுவது என்ற மூன்றும் இவ்வாறு தெளிவாயின.

எழுதினால் மட்டும் போதாது, தெளிவாக எழுத வேண்டும் என்பதற்கும் நம் வரலாற்றில் சான்று உண்டு. ஷஅபான் மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று குறித்த ஒரு பத்திரம் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்தபோது, எந்த ஷஅபான், சென்ற ஆண்டினதா, இந்த ஆண்டினதா, வரும் ஆண்டினதா என்று அவர்கள் வினவியதாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். ஹிஜ்ரி ஆண்டுக்கணக்கு ஏற்பட்டதற்குரிய காரணங்களுள் அதுவும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. நாம் இன்றும் வழங்கும் ஆண்டுமுறையின் தோற்றத்தில் ஒரு கணக்குச் சீட்டின் தெளிவின்மைக்கும் பங்குண்டு என்பது சிந்திக்கத்தக்கது.

குமாஸ்தாவும் வங்கியும்

மீண்டும் கும்பகோணத்துக்கு வருவோம். இங்கே கணக்கெழுதுவதே பலருக்குப் பிழைப்பாக இருந்தது. கணிதமேதை இராமானுஜனின் தந்தை இவ்வூர்ப் புடவைக் கடை ஒன்றில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். உலகம் போற்றிய அந்த மகனும் 1912இல் சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார். கடைகளில் அன்றன்றைய வரவு செலவு நாள்வழிக் குறிப்பில் ஏறியது; அதிலிருந்து பெயர்வாரியாகப் பேரேட்டுக்குச் சென்றது; ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கப்பட்டது. குமாஸ்தா எழுதினாலும் முதலாளி பக்கத்துக்குப் பக்கம் பார்த்தார். வாடிக்கையாளரும் தம் பற்றுவரவைக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

1904இல் கும்பகோணம் வங்கி இவ்வூரில் தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1906இல், சென்னையில் புகழ்பெற்றிருந்த ஆர்பத்னாட் நிறுவனம் வீழ்ந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. தம் பணத்தின் கணக்கு எங்கோ ஒருவர் கையில் இருக்க, அதைக் காண வழியற்றவர்களே அன்று பெரிதும் நொந்தனர். கும்பகோணம் வங்கியோ நிலைத்து வளர்ந்தது. 1930இல் மன்னார்குடியில் முதல் கிளையைத் திறந்தது. சிறு வங்கிகள் சிலவற்றைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1987 முதல் சிட்டி யூனியன் வங்கி என்னும் பெயரோடு இன்றும் கும்பகோணத்தையே தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது.

வங்கிகள் பொதுமக்களுக்குத் தந்தவற்றுள் பாஸ்புக் எளிய பொருள். ஆனால் பெரிய பொருள். பேரேடு வங்கியில் இருந்தாலும் அதன் படி வாடிக்கையாளர் பெட்டியில் இருந்தது. அதை வீட்டிலுள்ள வேறொருவரும் எடுத்துப் படிக்க முடிந்தது. வட்டியின் காரணமாக வங்கியோடு அளவாகவே உறவு வைத்திருந்த நம் குடும்பங்களிலும், பணத்தைப் பத்திரப்படுத்தவும் வெளியூரிலிருந்து வருவதைப் பெறவும் அந்தச் சிறு புத்தகம் நுழைந்தது.

அடுக்களையிலிருந்த நோட்டு

ராஜகிரி, பண்டாரவாடை, வழுத்தூர், சக்கராப்பள்ளி, அய்யம்பேட்டை முதலிய நம் ஊர்களுக்குக் கணக்கில் தனி வரலாறு உண்டு. ஆண்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பர்மாவுக்கும் சபர் சென்றனர். 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். சம்பாதித்தவர் கடலுக்கு அப்பால் இருக்க, செலவு செய்தவர் இங்கே இருந்தார். மணியார்டரோ வங்கி வரைவோலையோ வந்த நாளிலிருந்து அடுத்தது வரும் நாள்வரை குடும்பத்தை நடத்தியவர்கள் நம் பாட்டிமாரும் தாய்மாரும். பள்ளிக்கூடம் சென்று தமிழெழுத்துக் கற்காத பெண்களும் ஓதப் பழகிய அரபெழுத்தைக் கொண்டு அரபுத்தமிழில் கடிதமும் குறிப்பும் எழுதினர். ஆகவே நம் சமுதாயத்தில் வீட்டுக் கணக்கு பெரும்பாலும் பெண்களின் கையெழுத்தில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்த நோட்டில் அரிசி, மண்ணெண்ணெய், பிள்ளைகளின் சம்பளம் ஆகியவற்றோடு வேறு சில வரிகளும் இருக்கும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த கைமாற்று. மச்சியிடம் வாங்கிய கைமாற்று. யாரோ பத்திரமாக வைக்கச் சொல்லித் தந்த அமானிதம். கல்யாணத்தில் வந்த மொய், செய்ய வேண்டிய மொய். ரமளானுக்கென்று ஒதுக்கிய ஜகாத். 1957 ஏப்ரல் முதல் நாள் அணா போய் நயா பைசா வந்தபோது, 16 அணாக் கணக்கை 100 பைசாக் கணக்காக மாற்றி எழுதிய பெண்களும் இவர்களே. மாகாணியை அறிந்த மனத்துக்குப் புதிய பைசா புரிந்துவிட்டது. நோட்டிலிருந்த கைமாற்று வரி மட்டும் மாறவில்லை.

செயலி எழுதுவதும் எழுதாததும்

கைப்பேசியின் காலம் மிக விரைந்து வந்தது. வங்கிகள் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கியபின், அக்குறுஞ்செய்திகளைப் படித்துத் தானே கணக்குப் போடும் செயலிகள் தோன்றின. 2014இல் தொடங்கப்பட்ட வால்நட், மணிவியூ ஆகியவை நம் நாட்டில் இவ்வகையில் பெயர் பெற்றன. 2016 ஏப்ரலில் யூபிஐ அறிமுகமானது. அவ்வாண்டு நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. டிசம்பரில் பீம் செயலி வந்தது. அடுத்த ஆண்டில் இன்று கூகுள் பே என்று வழங்கும் செயலியும் வந்தது. சில ஆண்டுகளில் தேநீர்க் கடை வரை கைப்பேசிப் பணம் பரவியது.

இதனால் விளைந்த நன்மையை மறுக்கலாகாது. துபாயிலிருக்கும் கணவரும் பாபநாசத்திலிருக்கும் மனைவியும் ஒரே கணக்கை ஒரே வேளையில் பார்க்க முடிகிறது. சில்லறைச் செலவுகள் கூடி எவ்வளவாயின என்பது கண்ணுக்குத் தெரிகிறது. வீண்விரயத்தைத் தவிர்க்க விரும்பும் குடும்பத்துக்கு அது நல்ல துணை.

ஆனால் முன்னே கண்ட வசனத்தை இச்செயலிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைக்குக் கை முடியும் வியாபாரத்தை எழுதாவிட்டாலும் குற்றமில்லை. செயலியோ பத்து ரூபாய்த் தேநீரையும் நேரத்தோடு எழுதிவிடுகிறது. கடனை எழுதிவையுங்கள் என்பது கட்டளை. கடன் எது என்பதோ செயலிக்குத் தெரியவே தெரியாது. அண்டை வீட்டாருக்கு நீங்கள் அனுப்பிய 5,000 ரூபாய் கைமாற்றா, அன்பளிப்பா, சதகாவா, பழைய கடனைத் திருப்பியதா என்பதை அது அறியாது. அனுப்பிய பணம் என்று மட்டும் காட்டும். பிறர் உங்களிடம் ஒப்படைத்த அமானிதத்தை உங்கள் வரவில் சேர்க்கும். ரொக்கமாகக் கைமாறியதோ அதன் பார்வைக்கே வராது. அடுக்களை நோட்டில் முதலிடம் பெற்றிருந்த வரிகள் அனைத்தும் செயலியின் கணக்கில் இல்லாமற் போகின்றன. விடலாம் என்றதை எழுதுவதும், எழுதுக என்றதை விடுவதும் அதன் இயல்பு. அந்த விடுபட்ட பக்கத்தை நிரப்ப வேண்டியவர் நாமே.

மற்றொன்றும் உண்டு. கணக்கெழுத வந்த செயலிகளுள் வால்நட்டும் மணிவியூவும் பின்னர் கடன் கொடுக்கும் தொழிலுக்கும் வந்தன. சட்டப்படி நடத்தப்படும் அத்தொழிலைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் நம் வரவையும் செலவையும் மாதக் கடைசித் தட்டுப்பாட்டையும் அறிந்தவரே வட்டிக் கடனோடு வாசலில் நின்றால், கர்ணத்தின் கணக்கோலை நினைவுக்கு வராதா? அனுமதியற்ற கடன் செயலிகள் இழைத்த தீங்கு இன்னும் கொடிது. 2021இன் முதல் இரு மாதங்களில் நம் நாட்டினருக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் ஏறத்தாழ 600 சட்டத்துக்குப் புறம்பானவை என்று ரிசர்வ் வங்கியின் பணிக்குழு கண்டது. கைப்பேசியிலுள்ள உறவினர் எண்களை எடுத்துக்கொண்டு அவர்களிடமெல்லாம் கடன்பட்டவரை இழிவுபடுத்திய செய்திகள் நாடெங்கும் வந்தன. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் கோப்புகளையும் அழைப்பு விவரங்களையும் தொடக்கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. விதி வந்துவிட்டது, நம் கைப்பேசியில் எந்தச் செயலிக்கு எந்த அனுமதி கொடுத்திருக்கிறோம் என்பதைப் பார்ப்பது நம் பொறுப்பு.

பூட்டிய கைப்பேசியும் திறந்த கணக்கும்

எல்லாவற்றிலும் பெரிய கவலை ஒன்று உண்டு. அடுக்களை நோட்டை யாரும் எடுத்துப் படிக்கலாம். கைப்பேசியோ ஒருவருடைய விரல்ரேகைக்கு மட்டுமே திறக்கும். அந்த விரல் ஒரு நாள் அசைவற்றுப் போகும். மையித்தின் கடன் தீர்க்கப்பட்ட பின்பே சொத்து வாரிசுகளுக்குப் பங்கிடப்பட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். ஜனாஸா கொண்டுவரப்பட்டால் இவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதும், கடனோடு கொண்டுவரப்பட்ட ஒருவருக்காக அபூகதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்பே தொழவைத்ததும் நாம் அறிந்தவை. அந்தக் கேள்விக்கு விடை கைப்பேசிக்குள் பூட்டப்பட்டிருந்தால், வீட்டார் என்ன சொல்வர்?

ஸுபைர் (ரலி) அவர்களின் வரலாற்றை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ஸஹீஹுல் புகாரியில் அது விரிவாக இடம்பெற்றுள்ளது. மக்கள் அவர்களிடம் பணத்தை அமானிதமாகக் கொண்டுவருவர். அது தொலைந்தால் கொடுத்தவருக்கு நட்டமாகுமே என்று அஞ்சி, அமானிதமாக வேண்டாம், எனக்குக் கடனாகத் தாருங்கள் என்று அவர்கள் பெற்றுக்கொள்வர். ஹிஜ்ரி 36இல் ஜமல் போர் நாளன்று தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, தம் கவலைகளில் பெரியது கடனே என்று கூறி, அதைத் தீர்க்குமாறு பணித்தார்கள். அன்றே ஷஹீதாக்கப்பட்டார்கள். மகன் கணக்கிட்டபோது கடன் 22 இலட்சமாக இருந்தது. முன்பு 1,70,000க்கு வாங்கிய ஃகாபா நிலம் 16 இலட்சத்துக்கு விலைபோனது. கடனெல்லாம் தீர்ந்தது. வாரிசுகள் பங்கைக் கேட்டபோதும் அவர் உடனே பிரிக்கவில்லை. தந்தையிடம் யாருக்கேனும் வரவேண்டியது இருந்தால் வந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜின்போது அறிவித்தபின்பே பங்கிட்டார்.

சொத்தைவிடக் கடனைப் பெரிதாக எண்ணித் தந்தை மகனிடம் வாய்திறந்து சொன்னார்; அந்தச் சொல்லே கணக்காக நின்றது. நம்மில் எத்தனை பேர் மனைவியிடமோ மகனிடமோ மகளிடமோ இவ்வாறு சொல்லியிருக்கிறோம்?

நாம் செய்யத்தக்கவை

ஆகவே செயலியை விலக்க வேண்டியதில்லை. நம் கணக்கை அதன் பொறுப்பில் விட்டுவிடலாகாது. பெரும்பாலான செயலிகளில் புதிய தலைப்புகளை நாமே சேர்க்க முடியும். கைமாற்று, அமானிதம், ஜகாத் என்னும் மூன்றையும் சேர்த்து, பெயரும் தேதியும் தவணையும் கையால் எழுதுவோம். கடன் வாங்கியவர் தாமே குறிப்பெழுதிக் கொடுத்தவருக்கு அனுப்பட்டும். ஒரு வாட்ஸ்அப் செய்தியானாலும் கடன்பட்டவர் சொல் அதில் இருக்கும். ஜகாத்துக்குரிய ஆண்டு ஏறத்தாழ 354 நாள் கொண்ட சந்திர ஆண்டு. செயலி காட்டும் சனவரியும் ஏப்ரலும் அதற்கு உதவா. எனவே ஜகாத் தேதியை ஹிஜ்ரியில் குறித்துக்கொள்வோம்.

மாதம் ஒருமுறை, தரவேண்டியதையும் வரவேண்டியதையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைப்போம். சொல்லத்தக்க பொருள் உடைய முஸ்லிம் இரண்டு இரவுகள்கூட எழுதிய வஸிய்யத் இல்லாமல் கழிக்கலாகாது என்ற நபிமொழியின் கருத்துக்கு அது நெருக்கமானது. வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயரைச் சரிபார்ப்போம். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே; அது வாரிசுகள் அனைவருக்கும் உரிய பங்கின்படி சேர வேண்டும் என்பதையும் வீட்டில் சொல்லி வைப்போம். பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் செல்கின்றன. அவற்றைத் தேட உத்கம் என்னும் இணையதளம் 2023 முதல் உள்ளது. மறைந்த பெரியவர்களின் பெயரை அதில் ஒருமுறை தேடிப் பார்ப்பது நன்று.

கல்லும் ஓலையும் காகிதமும் மாறி மாறி வந்தன. இன்று கண்ணாடித் திரை வந்திருக்கிறது. எதில் எழுதினாலும், நம் கடனை நம் வாயால் சொல்லி, நமக்குப் பின் இருப்போர் படிக்கத்தக்கதாக வைப்பது நம் கடமை. இவ்வுலகில் பிறர் பொருளோடு நம்மைப் பிணைக்கும் கணக்குகளை எல்லாம் வாழும்போதே தீர்த்துவிடும் நற்பேற்றையும், மறுமையில் எளிதான கேள்விக் கணக்கையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.